இரண்டு முள்ளும் சேர்ந்து சொன்ன பொய்

2024 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறி விமான நிலையப் பக்கம் இறங்கும்போது எங்கள் பழைய கார் இரண்டு தடவை திக்கியது. மூன்றாவது திக்கலில் நின்றே விட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். பெட்ரோல் முள் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதனால் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பானெட்டைத் திறந்து பிளக் ஒயர்களை அழுத்திப் பார்த்தேன், கார்புரேட்டரைத் தட்டிப் பார்த்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒருவர் தானாகவே நிறுத்திவிட்டு வந்தார். டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். வண்டியை இடுப்பால் ஒரு குலுக்குக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்டார். "சார், உள்ள சத்தமே வரல. காலி" என்றார்.

அவரே ஆலந்தூர் வரை என்னைக் கூட்டிப் போய்ப் பெட்ரோல் வாங்கித் திரும்பக் கொண்டு வந்துவிட்டார். அந்த முக்கால் மணி நேரமும் என் மனைவியும் மகளும் பாலத்தின் கீழே, பஸ்ஸும் லாரியும் உரசிப் போகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும், இனி இந்த முள்ளை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வண்டி 1997-ல் அப்பா வாங்கியது. சின்ன பெட்ரோல் கார், கார்புரேட்டர் காலத்து வண்டி. 2012, 2017, 2022 என்று மூன்று முறை பதிவைப் புதுப்பித்தாயிற்று. கடைசி முறை கட்டணமே 5,000 ரூபாய். விற்றுவிடலாம் என்று சொல்லாத உறவினர் இல்லை. ஆனால் எஞ்சின் இன்னும் ஒரே சாவித் திருகலில் எடுக்கும். கதவு சாத்தினால் அதே சத்தம்தான் வரும். வண்டியின் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. வந்த தொல்லையெல்லாம் தண்ணீரால் வந்தது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. வண்டி சக்கரம் முழுக்க மூழ்கி, உள்ளே கால் வைக்கும் தரை வரை நனைந்து, இரண்டு நாள் அப்படியே நின்றது. வடிந்த பிறகு தரை விரிப்பைப் பிய்த்து வெயிலில் போட்டோம், ஆயில் மாற்றினோம், பிரேக் பார்த்தோம். வண்டி ஓடியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தகரத்திலும் செம்பிலும் ஏறிய ஈரம் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. (2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் முதல் வேலையாக வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட்டேன்.)

முதலில் குழப்பம் காட்டியது டெம்பரேச்சர் முள். எப்போதும் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிற முள், ஜனவரியில் முக்காலுக்குப் போனது. பிப்ரவரியில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரைத் தேவைக்கேற்ப விடுகிற தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்று மாற்றினார்கள், கூலன்ட் மாற்றினார்கள், 2,300 ரூபாய் ஆனது. முள் இறங்கவில்லை. அடுத்து ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க வேண்டும் என்றார்கள். நான் நேரம் கேட்டுத் திரும்பி வந்தேன்.

சந்தேகம், எஞ்சின் சூட்டை முள்ளுக்குச் சொல்கிற சென்சார் மேல் விழுந்தது. எஞ்சின் சுத்தமாக ஆறிய பிறகு, காலையில், டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றினேன். கொஞ்சம் கூலன்ட் ஒழுகும், கீழே ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சினில் இதைக் கழற்றவே கூடாது, ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். கழற்றிய சென்சாரை அடுப்படிக்குக் கொண்டுபோய், ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணீரில் அதன் முனை மட்டும் மூழ்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். வோல்ட், ஓம் எல்லாம் அளக்கிற மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரின் தலையில், இன்னொன்று உடம்பில். தண்ணீர் சூடாக ஆக ஓம், அதாவது மின்தடை, குறைந்துகொண்டே வர வேண்டும், அந்தச் சென்சாரின் குணமே அதுதான். வெதுவெதுப்பில் நூற்றைம்பது பக்கம் இருந்தது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 28-ல் வந்து நின்றது. எங்கேயும் குதிக்கவில்லை, தடுக்கவில்லை. சென்சார் நல்ல நிலையில் இருந்தது.

திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் (மின்சாரம் வண்டியின் உலோக உடம்பு வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதை) கிடைப்பதே அதன் மரை வழியாகத்தான். ஒழுகாமல் இருக்கட்டும் என்று குழாய் வேலைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் நாலைந்து சுற்றுச் சுற்றினால் எர்த் போய்விடும். அப்புறம் எஞ்சின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும். தவறுகளிலேயே ஆபத்தான தவறு இது.

ஆக, தெர்மோஸ்டாட் புதுசு, சென்சார் சரி, ஆனாலும் முள் சிவப்பில். எஞ்சின் உண்மையிலேயே சூடாக இருக்கிறதா என்று பார்க்க, தூரத்திலிருந்து சூடு அளக்கிற துப்பாக்கி போன்ற கருவி ஒன்றை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினேன். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, உடம்புச் சூட்டுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் உட்காரும் இடத்தைக் குறி வைத்தேன், 86 டிகிரி. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை. முள் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில்தான் கத்திப்பாராவில் வண்டி நின்றது. அப்போதும் நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. பெட்ரோல் முள் தனிக் கோளாறு, டெம்பரேச்சர் முள் தனிக் கோளாறு என்றே நினைத்தேன். ஒர்க்ஷாப்பில் கேட்டபோது, மீட்டர் போர்டு மொத்தமாகப் போய்விட்டது, இந்த மாடலுக்குப் புதுசு கிடைக்காது, பழசு கிடைத்தால் மாட்டித் தருகிறோம் என்றார்கள். அப்படித்தான் பழைய வண்டிச் சாமான்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனேன்.

சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் புதுப்பேட்டை வரும். கடை வாசலில் கதவுகள், பம்பர்கள், ஸ்டீயரிங் சக்கரங்கள் மாலை மாதிரி தொங்கும். நான் போன கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பரணிலிருந்து எங்கள் வண்டியின் மீட்டர் போர்டு இரண்டை எடுத்துத் துடைத்து முன்னால் வைத்தார். 1,800 சொன்னார். நான் பணத்தை எடுக்கும்போதுதான் கேட்டார்:

"உங்க மீட்டர்ல இன்னா கோளாறு சார்?"

"பெட்ரோல் முள் ஜாஸ்தி காட்டுது பாய். டெம்பரேச்சரும் ஜாஸ்தி காட்டுது."

"ரெண்டும் ஜாஸ்தியா?"

"ஆமா."

"ராத்திரி லைட் போட்டா இன்னும் ஏறுதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், ஏறும். கூடவே மீட்டர் விளக்கும் மங்கும். பழைய வண்டி என்று நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

"அப்ப மீட்டர் நல்லாதான் இருக்கு. எர்த்தைப் பாருங்க. ரெண்டு முள்ளும் ஒரே நாள்ல கெட்டுப் போகாது சார். அப்புறமும் வேணும்னா வாங்க, இது எங்க ஓடிப் போவுது" என்று இரண்டையும் பழையபடி பரணில் போட்டுவிட்டார். அவருடைய வியாபாரத்தை அவரே தடுத்துக்கொண்டார். ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுக்க முடிந்தது.

அவர் சொன்னதன் உள்விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்கள் வண்டியில் இருப்பது பழைய சூட்டு வகை மீட்டர். முள்ளுக்குப் பின்னால் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பியில் மின்சாரம் போனால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். அதனால்தான் சாவி போட்டதும் முள் சடக்கென்று எழாமல், தூக்கம் கலைகிற மாதிரி மெதுவாக எழுகிறது. எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை மறுமுனையில் இருக்கிற, பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் டேங்க் மிதவையோ சூட்டுச் சென்சாரோ தீர்மானிக்கும். ஆனால் பேட்டரி ஒரு நேரம் 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14 என்று மாறிக்கொண்டே இருக்குமே? அதனால் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக ஒரு குட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பார்கள். அது மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக ஒரு நிலையான அளவில் வைத்திருக்கும். எங்கள் வண்டிக்கு 7 வோல்ட் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் வகை மீட்டர்களில் 10 வோல்ட். அந்த ரெகுலேட்டர் வேலை செய்ய எர்த் வேண்டும். எர்த் பலவீனமானால் அது விட்டு விட்டுக் கொடுப்பதை மறந்து, வருகிற வோல்டை அப்படியே உள்ளே விடும். இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறும். காலி டேங்க் பாதி போலத் தெரியும், 86 டிகிரி எஞ்சின் கொதிப்பது போலத் தெரியும்.

ஆகவே கழற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ஒரு முள் தப்பா, இரண்டுமா என்பதுதான். ஒன்று மட்டும் தப்பென்றால் அதன் சென்சார், மிதவை, அதற்குப் போகும் ஒயர் என்று அந்த ஒரு பாதையைப் பிடித்துப் போங்கள். இரண்டும் சேர்ந்து தப்பென்றால் இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள். எனக்கு இது மூன்று மாதம் முன்னால் தெரிந்திருந்தால் தெர்மோஸ்டாட் பிழைத்திருக்கும்.

இன்னொரு வகை மீட்டரும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் முள் விழாமல் இருந்த இடத்திலேயே நின்றால் அது காந்தச் சுருள் வகை, அதற்கு இந்த ரெகுலேட்டர் கதை பொருந்தாது. புதிய வண்டிகளில் முள்ளை நகர்த்துவது ஒரு குட்டி மோட்டார், அதற்குச் சொல்லிக் கொடுப்பது கம்ப்யூட்டர். அங்கே ஸ்க்ரூ டிரைவரோடு போகாதீர்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. முதல் வேலை, எர்த்தை அளப்பது. இதில் பலரும் செய்கிற பிழை, மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் சரியாகக் காட்டிவிடும், விளக்கு மாதிரி ஏதாவது மின்சாரம் இழுத்தால்தான் அதன் லட்சணம் தெரியும். அதனால் வோல்டில் வைத்து, சாவி போட்டு, விளக்கும் போட்டு அளக்க வேண்டும். நீளமான ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸிலிருந்து உள்ளே இழுத்து வந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனை அதில், இன்னொன்று மீட்டர் போர்டின் பின்னால் கப்ளரில் (ஒயர்களைச் செருகும் இணைப்பில்) வருகிற கறுப்பு எர்த் ஒயரில். நல்ல எர்த்தாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி, அதிகம் போனால் 0.1 அல்லது 0.2 வோல்ட் வர வேண்டும். எனக்கு விளக்கு அணைந்திருக்கும்போது 0.9, விளக்குப் போட்டதும் 2.4 வந்தது. கடைக்காரர் கண்ணால் பார்க்காமல் சொன்னது எண்ணாக எதிரில் நின்றது.

இதற்காக மீட்டர் போர்டை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. பேட்டரி மைனஸை 10 மி.மீ. ஸ்பானரால் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதைச் செய்தேன், அளக்கும்போது மட்டும் மாட்டினேன். மேல் மூடியில் நாலு ஸ்க்ரூ, போர்டில் நாலு ஸ்க்ரூ, பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள். கேபிளின் நாக்கை அழுத்தினால்தான் வெளியே வரும், பிடித்து இழுத்தால் உடையும். இருபத்தாறு வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும். சென்னை வெயிலில் நிறுத்திய வண்டியில் மதியம் இந்த வேலை வேண்டாம் என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது. குளிர்ந்த காலையில் ஒரு கொக்கியை உடைத்தேன், மீதியை மதியம் பத்திரமாக எடுத்தேன். ஒவ்வொரு கப்ளரையும் கழற்றுமுன் போனில் ஒரு படம். முள்ளை மட்டும் விரலால் தொடவே கூடாது. இழுத்தாலோ சுழற்றினாலோ அதன் இருப்பு மாறிவிடும், பழைய இடத்தில் திரும்ப வைப்பது கடினம்.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டேஷ்போர்டுக்குக் கீழே இறங்கி, ஓட்டுபவர் கால் பக்கத் தகரத்தில், விரிப்பு வந்து முடிகிற இடத்தில் ஒரு போல்ட். அதில் மூன்று கறுப்பு ஒயர்களின் வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக. டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரம் சரியாக அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தபோது வளையங்கள் இருந்த இடத்தில் ஒரு பச்சைக் கட்டி தெரிந்தது. கோயில் செம்புப் பாத்திரத்தில் ஏறுமே, அதே களிம்பு. ஸ்பானரை வைத்ததும் போல்ட் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றது. கீழே தகரத்தில் வட்டமாகச் செந்துரு. அடி வளையம் கையோடு பொடிந்து வந்தது.

மீட்டர் போர்டுக்கு 1,800, ரேடியேட்டர் வேலைக்கு அதைவிட அதிகம் என்று பேசிக்கொண்டிருந்த கோளாறு, கட்டை விரல் நகத்தை விடச் சின்னதாக அங்கே உட்கார்ந்திருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகரத்தை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். ஒயர்களின் நுனியில் கறுத்திருந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை போனேன். ஈரம் ஒயருக்குள்ளேயே ஊறி ஏறியிருக்கும், நுனியை மட்டும் சுரண்டினால் மறுபடி வரும். புது வளையங்கள் அழுத்தி, ஈயம் வைத்து, பல் வைத்த வாஷரோடு முறுக்கினேன். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். இந்த வரிசை முக்கியம், வாசலினை முதலில் தடவினால் உலோகமும் உலோகமும் சேராது. கையோடு அந்த இடத்திலிருந்து இன்னும் மேலே, தண்ணீர் எட்டாத உயரத்தில், இன்னொரு போல்ட்டுக்கும் ஒரு தனி எர்த் ஒயர் போட்டுவிட்டேன். மறுபடி அளந்தேன், விளக்குப் போட்டு 0.04 வோல்ட். எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். டெம்பரேச்சர் முள் நடுவுக்குக் கீழே தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது. மீட்டர் விளக்கு அப்பா காலத்து வெளிச்சத்தில் எரிந்தது. இண்டிகேட்டர் சோம்பலாக அடித்ததும் அதோடு சரியானது.

மூன்று வாரம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு காலை இரண்டு முள்ளும் எழவே இல்லை, படுத்துக் கிடந்தன. இந்த முறை நான் பதறவில்லை. இரண்டும் சேர்ந்து, எனவே பொதுவானது. எர்த் அளந்தேன், சரி. மீட்டர் போர்டுக்கு 12 வோல்ட் வருகிறதா, வருகிறது. மிச்சம் ரெகுலேட்டர். பல மாதம் எர்த் இல்லாமல் இழுபட்டதில் அதன் உள்முனை கருகித் தொடுவதையே நிறுத்தியிருந்தது.

இதற்குப் பழசு தேடுவதை விட எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைப்பது மேல் என்பது என் கருத்து. அசையும் பாகம் கிடையாது, கருக முனை கிடையாது. ரிச்சி தெருவில் எல்எம்317 என்று கேட்டால் கொடுப்பார்கள். மூன்று கால் உள்ள சின்னப் பொருள், இரண்டு ரெசிஸ்டரை (மின்தடையை) வைத்து வேண்டிய வோல்டை அமைத்துக்கொள்ளலாம். 240 ஓமும் 1,100 ஓமும் வைத்தால் 7 வோல்டை ஒட்டி வரும். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஆனால் இதில் ஒரு நாள் முழுக்க வீணாயிற்று. அது சூடாகும், 14 வோல்டை 7 ஆக்குவதில் மிச்சமெல்லாம் சூடாகத்தான் போக வேண்டும். அதனால் ஒரு அலுமினியத் துண்டில் வைத்துத் திருகினேன், அந்தத் துண்டை வண்டித் தகரத்தில் திருகினேன். முள் அசையவில்லை, விரல் வைக்க முடியாத சூடு. காரணம், இந்த எல்எம்317-இன் உலோக முதுகு, வெளியே போகிற 7 வோல்டோடு உள்ளுக்குள் இணைந்தது. 7805 போன்ற மற்ற ரெகுலேட்டர் வகைகளில் முதுகு எர்த், இதில் அப்படி இல்லை. நான் தகரத்தில் திருகியதும் மொத்தமும் எர்த்துக்குப் போய்விட்டது. நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷரும் வைத்த பிறகு இரண்டு முள்ளும் மெதுவாக எழுந்து வந்தன. வண்டியில் மாட்டுமுன் மேஜையிலேயே 7 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிடுங்கள்.

பெட்ரோல் முள்ளை நம்புவதற்கு முன் டேங்க் மிதவையையும் சோதித்தேன். டேங்கைத் திறக்கவில்லை. அதன் ஒயர் கப்ளரைக் கழற்றி ஓம் அளந்தாலே போதும். என் வண்டியில் காலி டேங்கில் 110 பக்கம், நிரப்பினால் 4 பக்கம் வருகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் இந்த எண் வேறு. நடுவில் எங்காவது எண் திடீரென்று காணாமல் போனால் மிதவையின் உள்தடம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். மீட்டர் பக்கத்தைச் சோதிக்க, மிதவைக்குப் போகும் ஒயரை எர்த்தில் தொட வேண்டும் என்பார்கள். நேராகத் தொடாதீர்கள், நடுவில் 12 வோல்ட் 3.4 வாட் பல்பு ஒன்றை வைத்துத் தொடுங்கள். பல்பு எரிந்து, சில நொடியில் முள் நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நலம். நேராகத் தொட்டபடியே விட்டுவிட்டால் உள்ளே இருக்கிற மெல்லிய கம்பி வெந்துபோகும். டேங்க் மிதவையை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியோடு வீட்டு வாசலில் வேலை வேண்டாம்.

அப்புறம் ஒரு மாதம், பங்க்கில் ஒவ்வொரு முறையும் 5 லிட்டர் மட்டும் போட்டு, சமதரையில் நிறுத்தி, முள் நிற்கும் இடத்தைச் சின்ன நோட்டில் வரைந்து வைத்தேன். இப்போது எத்தனை லிட்டர் மிச்சம் என்று என் மனைவியே சொல்லிவிடுவாள்.

போர்டு வெளியே இருந்த சமயத்தில் இன்னும் சில வேலைகள் ஆயின. ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கிக்கொண்டிருந்தது. உள்கேபிளை உருவித் துடைத்து, கீழ்ப்பாதிக்கு மட்டும் லேசாகக் கிரீஸ் தடவினேன், மேல்வரை தடவினால் அது ஏறி மீட்டருக்குள் போய்விடும். ஸ்பீடோமீட்டர் அலங்காரத்துக்கு இருக்கும் பொருள் இல்லை, 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதியே அதற்காக இருக்கிறது. மீட்டர் போர்டு விளக்குகளுக்கு எல்ஈடி போடலாம். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்குக்கு மட்டும் பழைய பல்பே இருக்கட்டும். பல பழைய வண்டிகளில், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் உயிர் பெறுவதே அந்தப் பல்பு வழியாகப் போகும் மின்சாரத்தால்தான். ஒருவேளை நீங்கள் புதுப்பேட்டையில் பழைய மீட்டர் போர்டை வாங்கி மாட்டினால், இரண்டு போர்டின் கிலோமீட்டர் எண்ணையும் தேதியோடு எழுதி வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். நாளைக்கு வண்டியை வாங்குபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இதையெல்லாம் விட என்னை உறுத்திய ஒன்று உண்டு. முள் பொய் சொன்ன அந்த மூன்று மாதத்தில் நாங்கள் எல்லாரும் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். "அது எப்பவும் அப்படித்தான்" என்று மகளுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறேன். அந்த நாட்களில் எஞ்சின் நிஜமாகவே கொதித்திருந்தால், எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய் புகை வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

போன மே மாதம் ஊருக்குப் போய்விட்டு ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெருங்களத்தூரில் வழக்கமான நெரிசல், மதியம் இரண்டு மணி. பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, முள்ளு மேல போவுது" என்றாள். பார்த்தேன். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் தன் இடத்திலேயே இருந்தது. ஒன்று மட்டும்தான். அப்படியென்றால் இது பழைய எர்த் கோளாறு இல்லை, மீட்டர் சொல்வது நிஜமாக இருக்கலாம்.

ஏசியை அணைத்துவிட்டு ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரேடியேட்டரில் இருக்கிற ஃபேன் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, ஃபேன் பக்கம் கையோ துணியோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, அதன் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். ஃபேன் குபீரென்று சுற்றியது. போனது அந்தச் சுவிட்ச் மட்டும்தான். ஒயரை டேப் போட்டு அப்படியே கட்டினேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தபோது மனைவியும் மகளும் பேசாமல் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து நிமிடத்தில் முள் அசைந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நடுவுக்குக் கீழே, அதன் இடத்தில் வந்து நின்றது. "இப்ப போலாம்பா" என்றாள் மகள்.